தன்னைத் தானே உயர்த்துக



700 சுலோகங்கள் கொண்ட ஸ்ரீமத் பகவத்கீதையில், 6-ஆம் அத்தியாயத்தின் 5-ஆம் சுலோகம் ஓர் அரிய உபதேசம். ஒருவன் தன்னைத் தானே உயர்த்திக்கொள்ள வேண்டும், தாழ்த்திக்கொள்ளலாகாது என்கிறான் கண்ணன். உயர்த்தும் கருவி, விஷயங்களில் பற்றற்ற மனமே என்பது பாஷ்யகாரராகிய ஸ்ரீராமாநுஜரின் விளக்கம்.

அம்மனத்திற்கு இருப்பிடம் உடல். ஆகவே 16, 17-ஆம் சுலோகங்களில் பகவான் உடலைப் பேணும் முறையையும் அருளுகிறான். மிகுதியாக உண்பவனுக்கும் அறவே உண்ணாதவனுக்கும், மிக உறங்குபவனுக்கும் உறங்காதே விழித்திருப்பவனுக்கும் யோகம் கைகூடாது. உணவு, உழைப்பு, உறக்கம், விழிப்பு யாவும் அளவோடு அமைந்தவனுக்கே அது துயர் தீர்க்கும்.

பாடசாலையில் பயின்ற நாளில், உற்சவத்தின்போது அடியேன் மூன்று இரவுகள் தொடர்ந்து கண்விழித்தேன். நான்காம் நாள் பாராயண கோஷ்டியிலேயே உறங்கிச் சாய்ந்தேன். ஆசிரியர் கடிந்துகொள்ளவில்லை, இவ்விரு சுலோகங்களையும் பொருளுடன் எழுதிவரப் பணித்தார். எழுதுகையில்தான் உண்மை விளங்கிற்று. அடியேன் விழித்திருந்தது பெருமாளுக்காக அன்று, பிறர் மெச்சுவதற்காக!

நெடுந்தொலைவு வந்துள்ள அன்பர்களே! ஏகாதசி உபவாசம் நமக்கு விதிக்கப்பட்டதே. ஆயினும் முதியோரும் பிணியுற்றோரும் பால், பழம் முதலியன கொள்ளச் சாஸ்திரமே இடமளிக்கிறது. வேளைக்கு உண்ணவேண்டிய மருந்தை விடுவது விரதமாகாது. களைத்தவர் சற்றே துயின்று எழுந்து சேவிப்பது குறையுமாகாது. இவ்வுடலும் எம்பெருமானின் உடைமையன்றோ? அதனைக் காப்பதும் கைங்கர்யமே.

சுபமஸ்து.