முன்பணம் கேட்கும் பதிப்பகம்

கேள்வி: மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் கடற்கரை ஊர்களின் வரலாற்றை எழுதியவரிடம், ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கும் நூலக ஆணைக்கும் என்று ஒரு பதிப்பகம் முன்பணம் கேட்கிறது. கொடுக்கலாமா?
– வாசகர், செங்கல்பட்டு

பதில்: கொடுக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு நூலையும் தனித்து அடையாளம் காட்டும் 13 இலக்க எண்ணாகிய ஐ.எஸ்.பி.என்.னை, ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இந்தியாவில் கட்டணமின்றியே வழங்குவதாலும், ஆசிரியரே அதற்கு விண்ணப்பிக்கலாம் என்பதாலும், அதன் பெயரில் தொகை கேட்பதே முதல் எச்சரிக்கை. பொது நூலகங்களுக்கு அரசு நூல் வாங்கும் ஆணையை எந்தப் பதிப்பாளரும் முன்கூட்டியே உறுதியளிக்க இயலாது.

ஆயினும் பணத்தைவிடப் பெரிய இழப்பு ஒப்பந்தத்தில்தான் நேர்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, உரிமை மாற்றம் எழுத்து வடிவில் கையொப்பத்துடன் அமைய வேண்டும். காலம் குறிப்பிடப்படாவிடில் அது 5 ஆண்டுகளுக்கே செல்லும். வேறுவிதமாக எழுதப்படாதவரை, ஓராண்டுக்குள் பயன்படுத்தப்படாத உரிமையின் மாற்றம் காலாவதியாகிவிடும். இப்பாதுகாப்புகளை முறியடிக்கவே, ‘எல்லா வடிவங்களிலும், பதிப்புரிமைக் காலம் முழுமைக்கும்’ என்ற ஒரே வரி ஒப்பந்தத்தின் நடுவே நுழைக்கப்படுகிறது. ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை நீளும் உரிமையை, கையிலிருந்து பணமும் கொடுத்து இழப்பது பெருங்கொடுமை.

சொந்தச் செலவில் நூல் வெளியிடுவது தவறன்று; ஆனால் அங்கு உரிமையும் அச்சிட்ட படிகளும் ஆசிரியருடையவையாகவே இருத்தல் வேண்டும். அப்பதிப்பகத்தில் ஏற்கெனவே நூல் வெளியிட்டவர்களிடம், விற்பனைக்கேற்ப ஆசிரியருக்குச் சேரவேண்டிய உரிமைத்தொகை கணக்குடன் வந்ததா என்று, கையெழுத்திடும் முன்பே விசாரிப்பது நல்லது.