பல்வலி நின்றால் நோய் நீங்கியதா?

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நான் பயின்றபோது, அமிலமானது சுண்ணப் பொருளைக் கரைக்கும் என்பதை மாணவருக்கு விளக்க முட்டையோட்டைப் பயன்படுத்தும்படி சொல்லிக்கொடுத்தனர். எனக்கு அது மனத்திற்கு ஒவ்வவில்லை. ஆதலால் ஆசிரியையாக அமர்ந்த பின்னர், கடற்கரையிற் பொறுக்கிய வெற்றுக் கிளிஞ்சல் ஒன்றை எலுமிச்சைச் சாற்றில் இட்டுக் காட்டுவேன். உடனே அதன்மேல் சிறு குமிழிகள் கிளம்பும். மறுநாள் எடுத்துத் தடவினால் பழைய வழவழப்பு இராது. “உங்கள் பல்லுக்கும் இதுவே நேர்கிறது” என்று கூறியதும், வகுப்பிலுள்ள அத்தனை பிள்ளைகளும் நாவால் தத்தம் பற்களைத் தடவிப் பார்ப்பர்.

பல்லின் மேலுறையாகிய எனாமல், நம் உடம்பிலுள்ள பொருள்கள் அனைத்திலும் கடினமானது, எலும்பினும் கடினமானது. எனினும் எலும்பு முறிந்தால் கூடும். எனாமல் குழிந்தால் மீண்டும் வளராது. வாயில் இயல்பாகவே வாழும் நுண்கிருமிகள் நாம் உண்ணும் சர்க்கரையைத் தாமும் உண்டு அமிலத்தை வெளிவிடுகின்றன. அவ்வமிலமே எனாமலைக் கரைக்கிறது. உமிழ்நீர் அதை மெல்ல மெல்ல முறித்துவிடும். ஆனால் அதற்கு அரைமணி நேரமோ அதற்கு மேலோ வேண்டும். ஒரு குழந்தை நான்கு மிட்டாய்களை ஒரே வேளையில் உணவோடு தின்றுவிட்டால் ஒரு முறைதான் அமிலம் சுரக்கும். அதே நான்கையும் மணிக்கொன்றாகத் தின்றால், உமிழ்நீருக்கு ஓய்வே இல்லை. எவ்வளவு தின்றோம் என்பதைக் காட்டிலும் எத்தனை முறை தின்றோம் என்பதே இங்குப் பெரிது. பல்லில் பூச்சி விழுந்தது என்று சொல்வது வெறும் வழக்கு. பூச்சி எதுவும் அங்கில்லை.

சொத்தை தொடங்கும்போது கருமையாகத் தோன்றாது. சுண்ணாம்பு தொட்டு வைத்ததுபோல் வெண்மையாக ஒரு திட்டு தெரியும். இந்நிலையிலேயே கண்டுகொண்டால், ஃபுளோரைடு கலந்த பற்பசையாலும் மருத்துவர் இடும் பூச்சினாலும் அவ்விடத்தை மீண்டும் இறுகச் செய்யலாம். அதைத் தவறவிட்டால் பழுப்பாகிக் குழிவிழும். குழி எனாமலோடு நிற்கும்வரை வலி இராது. வலி இல்லாத அந்தக் காலந்தான் அடைப்பதற்கு எளிதான, செலவு குறைந்த காலம். நம்மவர் பெரும்பாலோர் அப்போது மருத்துவரிடம் செல்வதில்லை.

நானும் செல்லவில்லை. 1988-ஆம் ஆண்டு, இடப்பக்கக் கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்று குளிர்ந்த நீர் பட்டாற் கூசத் தொடங்கியது. சிறிது நேரத்தில் கூச்சம் நின்றுவிடும், பொருட்படுத்தவில்லை. பின்னர் காப்பி குடித்தால் வலித்தது. குடித்து முடித்த பின்னும் நெடுநேரம் விண்விண் என்று தெறித்தது. அதன் பின்னர் இரவில் படுத்தவுடன் தானாகவே வலித்தது. முழுஆண்டுத் தேர்வுக் காலம். விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டே கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து வைத்துக்கொண்டேன். பத்து நாள்கள் இவ்வாறு கழிந்தன. ஓரிரவு வலி முற்றிலும் நின்றுவிட்டது. கிராம்பின் பெருமையை அயல்வீட்டாரிடமெல்லாம் எடுத்துரைத்தேன். ஐந்து மாதங்கள் கழித்து ஒரு காலையில் முகத்தின் ஒருபக்கம் வீங்கிக் காய்ச்சலும் கண்டது. “அம்மா, உங்கள் பல் அன்றே குணமாகவில்லை, அன்றே செத்துவிட்டது” என்றார் மருத்துவர்.

அவர் விளக்கியதை இங்கே கூறுகிறேன். பல்லின் நடுவே கூழ் போன்ற மென்பகுதி உண்டு. நரம்பும் இரத்தக் குழாயும் அதனுள் ஓடுகின்றன. குளிர்ச்சிக்குக் கூசி உடனே அடங்கினால் அக்கூழ் இன்னும் நலமாயிருக்கிறது. சொத்தையை அடைத்தாற் போதும். சூடு பட்டு வலித்து, அவ்வலி நெடுநேரம் நீடித்தால், அல்லது தூக்கத்தினின்று எழுப்பினால், கூழ் மீளாதபடி புண்பட்டுவிட்டது; வேர்ச் சிகிச்சை வேண்டும். வலி தானே நின்றுவிட்டால் கூழ் மாண்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம். பின்னர் சீழ், வேரின் நுனி வழியாகத் தாடையெலும்பில் இறங்கும். கிராம்புத் தைலம் சிறிது நேரம் மரக்கச் செய்யுமேயன்றி நோயைத் தீர்க்காது. வலிமாத்திரையை ஈறின்மேல் ஒதுக்கிவைத்துக்கொள்வார் சிலர். அது ஈறை வெந்துபோகச் செய்யும்.

என் பல்லைப் பிடுங்க நேர்ந்தது. பல் ஒன்று போனதால் என்ன என்று இருந்துவிட்டேன். சில ஆண்டுகளில், பின்னிருந்த பல் அவ்விடத்தை நோக்கிச் சாய்ந்தது. எதிரிலிருந்த மேற்பல் கீழிறங்கியது. அவ்விடுக்குகளில் உணவு தங்கி மேலும் இரண்டு பற்கள் கெட்டன. மேற்பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை குன்றும் என்ற அச்சத்தால் அவற்றையும் தள்ளிப்போட்டேன். இதில் சிறிதும் உண்மையில்லை. பல்லின் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. ஆசிரியையாகிய நானே இதை நம்பினேன் என்பதை எழுத வெட்கமாயிருக்கிறது.

முகவீக்கத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பல்லின் காரணமாகத் தாடைக்குக் கீழே வீக்கம் பரவுதல், வாயைத் திறக்க இயலாமை, எச்சில் விழுங்கத் தடை, மூச்சுத்திணறல், கடுங்காய்ச்சல் இவற்றில் ஒன்று தோன்றினாலும் பல் மருத்துவரின் வேளைநேரத்திற்குக் காத்திருத்தல் கூடாது. இரவேயாயினும் பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இது உயிருக்கே ஆபத்தானது. வீக்கத்தின்மேல் சூட்டு ஒத்தடமும் பற்றும் இடுவது தவறு.

சொத்தையாவது வலித்து எச்சரிக்கிறது. ஈறுநோய் வாய்பேசாமல் வந்து பற்களைக் கொண்டுபோகிறது. என் தமக்கையாருக்குப் பல் துலக்கும்போது இரத்தம் கசிந்தது. துலக்குவதால்தான் இரத்தம் வருகிறது என்று எண்ணித் துலக்குவதைக் குறைத்துக்கொண்டார். விரலால் பற்பொடியைத் தடவிக் கொப்பளிப்பதோடு சரி. ஈறோரத்தில் படியும் ஊத்தை நாளடைவில் கல்லாக இறுகிக் காரையாகிறது. அதனால் ஈறு வீங்கி இரத்தம் கசிகிறது. மென்மையாக, ஆனால் விடாமல் துலக்குவதே அதற்கு மருந்து. இறுகிய காரையைத் துலக்கி நீக்க முடியாது. மருத்துவர்தான் சுரண்டி எடுக்க வேண்டும். அவ்வாறு எடுத்தால் பல் ஆடிப்போகும் என்பர். காரை போனபின் இடைவெளி தெரிவது உண்மையே; காரை மறைத்திருந்த இடைவெளி அது. பல்லை ஆடச்செய்வது காரையேயன்றிக் காரையை நீக்குவதன்று. தமக்கையாருக்குச் சர்க்கரை நோயும் இருந்தது. சர்க்கரை மிகுந்தால் ஈறுநோய் முற்றும். ஈறுநோய் முற்றினால் சர்க்கரை அடங்குவதும் கடினம். ஒரு பல்லேனும் வலிக்காமலே, அறுபது வயதிற்குள் பெரும்பாலான பற்களை அவர் இழந்தார்.

நம் இல்லங்களில் பாக்கு மெல்லுவோர் உளர். புகையிலை சேர்க்கவில்லையே என்று அவர்கள் அமைதி கொள்கின்றனர். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வெளியிட்ட நூலில், பாக்கு தனித்தே புற்றுநோய் விளைவிக்கும் பொருளென வகைப்படுத்தப்பட்டுள்ளது. எங்கள் தெருப் பெரியவர் ஒருவருக்கு நாவின் ஓரத்தில் புண் வந்தது. பொய்ப்பல் உரசுகிறது என்று வெண்ணெய் தடவிக்கொண்டார். ஐந்து மாதங்கள் கழிந்தன. புண் வலிக்கவில்லையாதலால் அவர் மக்களும் வற்புறுத்தவில்லை. மருத்துவமனைக்குச் சென்றபோது கழுத்தில் கட்டியும் கண்டிருந்தது. ஓராண்டு கூட அவர் இருக்கவில்லை. இரண்டு வாரங்களில் ஆறாத எந்த வாய்ப்புண்ணையும், துடைத்தாற் போகாத வெண்திட்டையும் செந்திட்டையும், வாய் வரவரச் சிறுத்துத் திறக்க இயலாமற் போவதையும் மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும். வலி இல்லை என்பது ஆறுதலன்று.

சில அன்பர்கள், நம் முனிவர் பல் துலக்குவதில்லையே என்று கேட்பதுண்டு. ஆம், பல் துலக்காமை அவர்தம் இருபத்தெட்டு மூலகுணங்களுள் ஒன்று. அவர்கள் நாளுக்கு ஒருமுறை மட்டும் நின்றவாறே கையில் ஏற்று உண்பவர்கள். நாள் முழுவதும் பிஸ்கட்டும் காப்பியும் உட்கொள்ளும் இல்லறத்தார் அவ்விரதத்தை மட்டும் எடுத்துக்காட்டுவது பொருந்தாது. கிருமிகளைக் கொல்வது இம்சையாகாதோ என்றும் ஒருவர் கேட்டார். உணவைத் தங்கவிட்டு அதில் உயிர்கள் பெருக இடங்கொடுப்பதினும், பெருகாமற் காத்தலே நம் நெறிக்கு ஏற்றது என்று கருதுகிறேன். தண்ணீரை வடிகட்டும் நாம் வாயை மட்டும் விட்டுவிடுவானேன்? உறங்கும்போது உமிழ்நீர் குறைந்துவிடுகிறது. அந்தி சாயுமுன் உண்டு, பல் துலக்கி, பின் எதுவும் உண்ணாதிருப்பவருக்கு இரவுண்ணாமை பற்களுக்கும் காவலாகிறது. உணவை விலக்கிவிட்டுச் சர்க்கரை கலந்த பாலை இரவில் பருகிப் படுப்பவருக்கு இப்பயன் இல்லை. குழந்தை வாயில் பாற்புட்டியை வைத்தே உறங்கச் செய்வதால் முன்பற்கள் வரிசையாகக் கரைகின்றன.

பால்பல் விழப்போவதுதானே என்று தாய்மார்கள் கூறுவர். பால்பற்கள் இருபது; அவற்றுள் பின்பற்கள் சில பத்து, பன்னிரண்டு வயதுவரை நிற்க வேண்டியவை. அவை முன்னரே போய்விட்டால் அடியில் வரும் பற்கள் வழிதவறிக் கோணும். இதனினும் பெரிய பிழை ஒன்றுண்டு. ஏறத்தாழ ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலே, பால்பற்களுக்குப் பின்னால் நான்கு கடைவாய்ப்பற்கள் புதிதாக முளைக்கின்றன. எதுவும் விழாததால் இவற்றையும் பால்பல் என்றே எண்ணிவிடுகிறோம். இவை நிலைப்பற்கள், வாழ்நாள் முழுவதற்கும் உரியவை. இவற்றின் பள்ளங்களில் உணவு தங்காதபடி மருத்துவர் ஒரு பூச்சிட்டு மூடுவார். ஆறு, ஏழு வயதுப் பேரன் பேத்தி உள்ளவர்கள் இவ்வொன்றிற்காகவேனும் குழந்தையை அழைத்துச் செல்லுங்கள்.

மருத்துவரிடம் செல்லும்போது நீங்கள் உட்கொள்ளும் மருந்துகளின் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். சர்க்கரை நோய், இதய வால்வுக் கோளாறு, இரத்தம் உறையாதிருக்க உண்ணும் மாத்திரை, எலும்புத் தேய்வுக்கு எடுக்கும் மருந்து, கருவுற்றிருத்தல் ஆகியவற்றை அவர் கேட்குமுன்னரே கூறுங்கள். இரத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தலாகாது. பல் பிடுங்கும் நாளை உபவாச நாளில் வைத்துக்கொள்ள வேண்டாம். இரவில் உண்பதில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிட்டால், மூன்று வேளை மருந்துக்குப் பதிலாக இருவேளை மருந்து தர இயலுமா என்று பார்ப்பார். நாணி மறைத்துவிட்டு இரவு மாத்திரையை மட்டும் விடுவதால், மருந்து பயனற்றுப்போகும். செலவுக்கு அஞ்சுவோர் அரசு மருத்துவமனைகளின் பல் பிரிவையும், சென்னையிலுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியையும் நாடலாம்.

இன்னொன்று எழுத வேண்டியுள்ளது. நான் பணியிலிருந்தபோது, பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் விளையாட்டுத் திடலில் விழுந்தான். மேல்முன்பல் வேரோடு தெறித்து மண்ணில் விழுந்தது. நான் அதை எடுத்துக் குழாயடியில் நன்றாகத் தேய்த்துக் கழுவி, கைக்குட்டையில் முடிந்து, மாலையில் அவன் தந்தை வந்தபின் கொடுத்தனுப்பினேன். நான் செய்தவை அனைத்தும் பிழை. விழுந்தது நிலைப்பல்லாயின், வேரைத் தொடாமல் மேற்பகுதியைப் பிடித்தெடுத்து, மண் இருந்தால் நீரில் ஓரிரு நொடி அலசி, அக்கணமே அதன் குழியில் பொருத்தித் துணியைக் கடிக்கச் செய்ய வேண்டும். அது இயலாதெனின் குளிர்ந்த பாலில் இட்டு அரைமணிக்குள், தவறினால் ஒரு மணிக்குள், மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். உலரவிட்டாலும் வேரைத் தேய்த்தாலும் பல் ஒட்டாது. பால்பல் விழுந்தால் மட்டும் திரும்பப் பொருத்தக் கூடாது. அச்சிறுவன் பள்ளியை விட்டுச் செல்லும் வரை, சிரிக்கும்போதெல்லாம் உள்ளங்கையால் வாயை மூடிக்கொள்வான்.