அழைக்கும் சொல்



எண்வகை மார்க்கத்தில் மூன்றாவதாக நிற்பது நல்வாக்கு. பொய், புறங்கூறல், கடுஞ்சொல், பயனில்சொல் ஆகிய நான்கையும் விலக்குவதே அது என்பர் பெரியோர். மணிமேகலை எடுத்துரைக்கும் பத்துத் தீவினைகளுள் உடலால் விளைவன மூன்று, மனத்தால் விளைவன மூன்று, வாக்கினால் விளைவன நான்கு. நாவின் பங்கே பெரிது! ஆயினும், "நாம் பொய் சொல்வதில்லை, கோள் மூட்டுவதில்லை" என்று மனநிறைவு கொண்டு இப்பாடத்தைக் கடந்துவிடுவோர் பலர். அவர்கள் கவனத்திலிருந்து நழுவும் சிறு சொல் ஒன்றுண்டு. பிறரை நாம் அழைக்கும் சொல்லே அது.

ஹூக்ளி நதியின் மேற்குக் கரையிலுள்ள ஹவுராவில் சணல் ஆலைத் தொழிலாளியாய்ப் பல்லாண்டுகள் கழித்தோம். வங்க மொழியில் முன்னிலைச் சொற்கள் மூன்று. மதிப்புக்குரியவரை ஆப்னி என்பர். பழகியவரைத் துமி என்பர். குழந்தைகளையும், உற்ற தோழரையும், தாழ்ந்தவர் எனத் தாம் கருதுவோரையும் துயி என்பர். இந்தியில் ஆப், தும், தூ என்பனவும் ஏறக்குறைய அவ்வாறே. ஆலையில் ஒரே மனிதர் ஒரு நாழிகைக்குள் மூன்றையும் வழங்கக் கேட்டிருக்கிறோம். பாபுவிடம் ஆப்னி; பக்கத்துத் தறிக்காரரிடம் துமி; கூட்டுபவரிடம் துயி. முகமும் மும்முறை மாறும்.

துயி என்பது இழிசொல்லா எனின், அன்று. தாய் தன் மகவை அவ்வாறே கொஞ்சுவாள்; நண்பர் இருவர் தோள்மேல் கைபோட்டுக்கொண்டு அவ்வாறே பேசுவர். நம் தமிழில் 'டா' என்பதும் அப்படித்தானே? குற்றம் சொல்லில் இல்லை. அதைத் திருப்பிச் சொல்ல இயலாதவர்மேல் அதை எறிவதில் இருக்கிறது. பல் நரைத்த தந்தையைப் பால்மணம் மாறாத சிறுவன் ஒருமையில் விளிக்க, தந்தை கைகட்டி நின்றதைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

நம் குறையையும் இங்கே சொல்லியாக வேண்டும். வயது இருபத்தைந்து இருக்கும். ஆலையில் தமிழர், தெலுங்கர் என்ற பேதமின்றி எல்லாரையும் 'மதராசி' என்றே அழைப்பார்கள். அது நமக்குப் பெருங்கோபம். அப்படிப்பட்ட நாமே ஓர் இரவு, சணல் தூசியைக் கூட்டிக்கொண்டு வந்த பீகார் முதியவர் ஒருவரின் துடைப்பம் நம் சோற்றுப் பாத்திரத்தில் தட்டியதும், 'தூ' என்று தொடங்கி, நம் ஊரில் நம் தந்தையார் கேட்ட அதே வசவை இந்தியில் மாற்றி அவர்மேல் வீசினோம். அவர் ஒன்றும் சொல்லாமல் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

சில நாட்கள் சென்று, கோடை வெப்பத்தில் இயந்திரத்தின் அருகே மயங்கி விழுந்தோம். கண் விழித்தபோது தலை அம்முதியவர் மடியில் இருந்தது. தம் செம்பிலிருந்து நீர் புகட்டி, "ஆப் சாப்பிட்டீர்களா?" என்று அவர் மொழியில் வினவினார். அந்த 'ஆப்' நம்மைச் சுட்டது. நம்மை மன்னித்து உயர்ந்தவராய் நடந்துகொள்கிறார் என்றே முதலில் நினைத்தோம். பின்னர் நாள்தோறும் கவனித்தபோதுதான், தேநீர்ப் பையனையும் அவர் அவ்வாறே அழைப்பதைக் கண்டோம். நமக்காக அவர் தனியே ஒன்றும் செய்யவில்லை. அதுவே அவருடைய இயல்பு.

கொல்கத்தாவில் 1892ஆம் ஆண்டு கிருபாசரண் மகாஸ்தவிரர் நிறுவிய பௌத்த தர்மாங்குர சபைக்கு, விடுமுறை நாட்களில் பாலம் கடந்து சென்று தம்மம் கேட்ட காலத்தில், நந்திவிசாலன் ஜாதகத்தை அறிந்தோம். தட்சசீலத்துப் பிராமணர் ஒருவரிடம் வளர்ந்த காளை, தன்னை வளர்த்த நன்றிக்காக, "நூறு பாரவண்டிகளை இழுப்பேன், ஆயிரம் பொன் பந்தயம் கட்டும்" என்றது. பந்தயத்தன்று பிராமணர் நுகத்தருகே அமர்ந்து, "அயோக்கியனே, இழு!" என்று அதட்டினார். காளை தூண்போல் நின்றது; பொன் போயிற்று. வீட்டில் வருந்திக் கிடந்தவரிடம் காளை கேட்டது: "உமது வீட்டில் ஒரு பானையையேனும் உடைத்தேனா? எவரையேனும் முட்டினேனா? அயோக்கியன் என்று ஏன் அழைத்தீர்?" மறுமுறை பந்தயம் இரண்டாயிரம். இன்சொல் கூறித் தட்டிக்கொடுத்தார். நூறு வண்டிகளும் நகர்ந்தன. வண்டிகளில் ஏற்றிய மணலும் கல்லும் இருமுறையும் அவையே.

வினய பிடகத்து மகாவக்கத்தில் வரும் ஒரு நிகழ்ச்சி இன்னும் ஆழமானது. வயிற்றுப்போக்கால் தன் கழிவிலேயே கிடந்த பிக்குவைப் பகவான் கண்டார். அப்போது அவர் உபதேசம் செய்யவில்லை. உமக்கு என்ன நோய், உம்மைக் கவனிப்பார் உண்டா என்று வினவினார். இல்லை என்றார் பிக்கு. மற்றவர்க்குத் தாம் பயன்படாதவர் ஆதலால் எவரும் வருவதில்லை என்றும் கூறினார். பகவான் நீர் ஊற்ற, ஆனந்தர் கழுவினார்; தலைப்பக்கம் பகவானும் கால்பக்கம் ஆனந்தரும் பிடித்துக் கட்டிலில் கிடத்தினர். பயன்படாதவரை நாம் எப்படி விசாரிக்கிறோம்? குணம் வெளிப்படும் இடம் இதுவே எனத் துணிகிறோம். பயன்படுவோரிடம் இனிமை காட்டக் கடைக்காரரும் அறிவர்.

1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் அளித்த இருபத்திரண்டு உறுதிமொழிகளுள் மனிதர் யாவரும் சமம் என்பதும் ஒன்று. அதைப் பௌர்ணமி வந்தனையில் ஒப்புவித்து, வீடு திரும்பும் வழியில் ரிக்ஷாக்காரரிடம், "ஏய், எவ்வளவு கேட்கிறாய்?" என்றால் உறுதிமொழி எங்கே போயிற்று? மனைவியைப் பெயர் சொல்லாமல் 'ஏ' என்று கூப்பிடும் உபாசகர்களும் நம்மிடையே உளர்; கோபிக்க வேண்டா.

நற்சொல்லுக்குப் பகவான் ஐந்து இலக்கணம் வகுத்தார்: காலமறிந்தது, உண்மையானது, மென்மையானது, பயனுடையது, அன்புள்ளத்தோடு கூறப்பட்டது. ஐந்தாவது இல்லாத மென்மை வெறும் எண்ணெய்ப் பூச்சு.

இப்பாடத்தை ஹவுராவில் நடத்தியபோது ஓர் இளைஞர், "ரிக்ஷாக்காரரை ஆப்னி என்றால், கேலி செய்கிறோம் என்று முறைக்கிறாரே ஐயா!" என்றார். மெய்தான். நமக்கும் நேர்ந்தது. தெருமுனையில் நிற்கும் சைக்கிள் ரிக்ஷாக்காரர் முதல் நாள் நம்மை ஏறிட்டுப் பார்த்துக் கூலியை ஏற்றிச் சொன்னார். ஒரு வாரம் வரை ஐயத்தோடே ஏற்றிச் சென்றார். அதன்பின் ஒரு மழைநாளில், நாம் கேட்பதற்கு முன்பே இருக்கையைத் தம் துண்டால் துடைத்துவிட்டு, "ஆப்னியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?" என்றார்.