வண்டிக்குக் காப்பீடு இருக்கிறது, ஓட்டியவருக்கு?

விபத்துச் சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் எவரும் அடிக்கடி கேட்கும் வார்த்தை ஒன்று உண்டு: "வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கு டாக்டர்." சில மாதங்களுக்கு முன், தொடை எலும்பு முறிந்த கணவரை உள்ளே அனுப்பிவிட்டு, தமது காறை எலும்பும் முறிந்திருந்த நிலையில், ஓர் அம்மையார் இதையே என்னிடம் கூறினார். பாலித்தீன் உறையில் மடித்து வைத்திருந்த பாலிசித் தாளையும் காட்டினார். காப்பீடு காலாவதியாகவில்லை, வண்டி எண்ணும் சரியாகவே இருந்தது. ஆயினும் அந்தத் தாளிலிருந்து அக்குடும்பத்திற்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்க வழியில்லை. காரணம், அது மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே. அவர்கள் எந்த வண்டியின் மீதும் மோதவில்லை. சாலையோர மணலில் வழுக்கி விழுந்தவர்கள்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988 நம்மைக் கட்டாயப்படுத்துவது இந்த மூன்றாம் நபர் காப்பீட்டைத்தான். நமது வண்டியால் பிறர் உயிரிழந்தாலோ காயமுற்றாலோ, தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் செலுத்தும். அதற்கு உச்சவரம்பு இல்லை. பிறர் உடைமைக்கு நேரும் சேதத்திற்கு இருசக்கர வாகனங்களில் 1 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆக, இது நம்மால் பாதிக்கப்படுபவருக்கான பாதுகாப்பு. நமது எலும்புக்கும் நமது வண்டிக்கும் இதில் இடமில்லை. 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த அறிவிப்பின்படி 75 முதல் 150 சி.சி. வரையிலான வண்டிக்கு இதன் ஆண்டுக் கட்டணம், வரி நீங்கலாக, 714 ரூபாய். இதுவும் இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

பின்னிருக்கையில் அமர்ந்திருந்த மனைவி மூன்றாம் நபர் ஆகமாட்டாரா என்று பலரும் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். ஆனால் சட்டப்படியான குறைந்தபட்சப் பாலிசி, கட்டணமின்றி உடன் பயணிப்பவரைக் காக்காது என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் தீர்ப்பளித்துள்ளது. வேறொரு வண்டி தவறாக வந்து மோதியிருந்தால், அந்த வண்டியின் காப்பீட்டு நிறுவனத்திடம் அவர் இழப்பீடு கோரலாம். தம் கணவரின் வண்டி தானே சறுக்கியதால் அந்த வழி அடைபட்டுவிட்டது. பேக்கேஜ் பாலிசி எனப்படும் முழுமைக் காப்பீடு எடுத்திருந்தால் நிலைமை வேறு; அதில் பின்னிருக்கைப் பயணியும் அடங்குவார். மனைவியையும் பிள்ளையையும் நாள்தோறும் பின்னால் ஏற்றிச் செல்லும் ஒருவர், வண்டி பழையதாகிவிட்டது என்பதற்காக மூன்றாம் நபர் காப்பீட்டோடு நிறுத்திக்கொள்வது தவறான சிக்கனம் என்பது என் கருத்து. வண்டியின் மதிப்பு குறையலாம். பின்னால் அமர்பவரின் மதிப்பு குறைவதில்லை. புதுப்பிக்கும்போது "பின்னால் உட்காருபவருக்கு இதில் பாதுகாப்பு உண்டா?" என்று முகவரிடம் கேட்டு, பாலிசியில் அந்த வரியைக் காட்டச் சொல்லுங்கள்.

ஓட்டுபவருக்கென்று உள்ளது உரிமையாளர்-ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பீடு. 2018 முதல் இதன் தொகை 15 லட்சம் ரூபாய். உயிரிழப்பு, நிரந்தர முழு ஊனம், இரு கைகால்கள் அல்லது இரு கண்கள் இழப்பு ஆகியவற்றுக்கு முழுத் தொகையும், ஒரு கை, கால் அல்லது ஒரு கண் இழப்புக்குப் பாதித் தொகையும் கிடைக்கும். வேறு பாலிசி வழியாக இதே அளவு விபத்துக் காப்பீடு உள்ளவர்கள் மட்டும் இதைத் தவிர்க்கலாம். இணையத்தில் வாங்கும்போது "ஏற்கெனவே உள்ளது" என்ற கட்டத்தைத் தொட்டால் கட்டணம் குறைகிறது என்பதற்காக, இல்லாததை உள்ளதென்று உறுதியளித்துவிடுகிறோம். நான் குறிப்பிட்ட குடும்பத்திலும் அதுவே நடந்திருந்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவருக்கு இந்த 15 லட்ச ரூபாய்க் காப்பீடு இருந்திருந்தாலும், தொடை எலும்பு முறிவின் அறுவைச் செலவுக்கு அதிலிருந்து பணம் வந்திராது. முறிந்து கூடிவிடும் எலும்பு அதன் கணக்கில் ஊனம் ஆகாது. முழுமைக் காப்பீட்டின் சொந்தச் சேதப் பகுதியும் வண்டியின் முன்சக்கரத்தைச் சீராக்குமே தவிர, ஓட்டியவரின் முழங்காலை அன்று. சிகிச்சைச் செலவுக்கு உரியது மருத்துவக் காப்பீடுதான். புதிதாக எடுத்த மருத்துவக் காப்பீட்டின் முதல் 30 நாள் காத்திருப்புக் காலம் விபத்துக்குப் பொருந்தாது.

புதிய வண்டி வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை. 2018 செப்டம்பர் முதல் புதிய இருசக்கர வாகனங்களுக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஐந்தாண்டுகளுக்குச் சேர்த்தே வழங்கப்படுகிறது. ஆனால் சொந்தச் சேதப் பகுதியும் தனிநபர் விபத்துப் பகுதியும் பெரும்பாலும் ஓராண்டோடு முடிந்துவிடும். "ஐந்து வருஷத்துக்குக் கட்டியாச்சு" என்று ஆர்.சி. புத்தகத்தோடு பாலிசியையும் பீரோவில் வைத்துப் பூட்டுபவர்கள் இரண்டாம் ஆண்டிலேயே தமக்கான பாதுகாப்பை இழந்துவிடுகின்றனர். ஒவ்வொரு பகுதிக்கும் முடிவு நாள் தனித்தனியே அச்சிடப்பட்டிருக்கும். இன்றே எடுத்துப் பாருங்கள்.

காப்பீடு இருந்தும் பயன்படாமற் போகும் சூழல்கள் சில உண்டு. செல்லத்தக்க ஓட்டுநர் உரிமம் இல்லாதவருக்குத் தனிநபர் விபத்துத் தொகை கிடைக்காது. கியர் இல்லாத வண்டிக்கான உரிமத்தை வைத்துக்கொண்டு கியர் வண்டி ஓட்டுவதும் உரிமம் இல்லாததற்கு ஒப்பாகவே கருதப்படும். நண்பரின் வண்டியை இரவல் வாங்கி ஓட்டுபவர் உரிமையாளர் அல்லர். ஆகவே அந்த வண்டியின் 15 லட்சம் அவருக்கில்லை. இளைஞர்கள் பெரும்பாலும் அறியாத செய்தி இது. மது அருந்தி ஓட்டினால் சொந்தச் சேதக் கோரிக்கை மறுக்கப்படும். 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராம் என்பதே சட்டத்தின் எல்லை.

பதினெட்டு வயது நிரம்பாத மகனிடம் வண்டிச் சாவியைக் கொடுக்கும் பெற்றோர் அறிய வேண்டியது: 2019 திருத்தத்தின்படி பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு, வண்டியின் பதிவு ஓராண்டு இரத்தாகும், அந்தச் சிறுவன் 25 வயது வரை உரிமம் பெற இயலாது.

தலைக்கவசம் நான்கு வயதுக்கு மேற்பட்ட, வண்டியில் செல்லும் எல்லோருக்கும் கட்டாயம். பின்னிருக்கைக்கும் இது பொருந்தும். மீறினால் 1,000 ரூபாய் அபராதத்தோடு உரிமம் மூன்று மாதம் தகுதியிழக்கலாம். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையிலான குழந்தைக்கு அதன் அளவுக்கேற்ற தலைக்கவசமும், ஓட்டுபவரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. தாடைப் பட்டையைப் பூட்டாத தலைக்கவசம் மோதும் கணத்திலேயே தனியே பறந்துவிடும். அவ்வாறு வந்த நோயாளிகளின் உறவினர்கள் "ஹெல்மெட் போட்டிருந்தாரே" என்று அழுவதைக் கேட்பது துயரமானது.

விபத்து நேர்ந்துவிட்டால் பணத்தைப் பற்றி எண்ணித் தயங்காமல் மருத்துவமனைக்கு வாருங்கள். 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்துக்குள்ளான எவருக்கும், எந்த ஊரினராயினும், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. நோயாளியைச் சேர்க்கும்போது நடந்ததை நடந்தவாறே சொல்லுங்கள். "மாடிப்படியில் விழுந்தார்" என்று காவல் நிலையத்துக்கு அஞ்சிச் சொல்லும் பொய், விபத்துப் பதிவேட்டில் எழுதப்பட்டுவிட்டால் பின்னர் தீர்ப்பாயத்தில் உங்களுக்கே எதிராக நிற்கும்; அதை நாங்கள் திருத்த முடியாது. ஏ.ஆர். நகல், முதல் தகவல் அறிக்கை, வெளியேற்றச் சுருக்கம், எல்லா ரசீதுகள் ஆகியவற்றை ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள். 2022 ஏப்ரல் முதல், இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த ஆறு மாதத்திற்குள் தாக்கல் செய்ய வேண்டும். எலும்பு முழுதும் கூடட்டும் என்று காத்திருந்தே பலர் அந்தக் கெடுவைத் தவறவிடுகின்றனர். மோதிவிட்டு நிற்காமற் சென்ற வண்டி அடையாளம் தெரியாவிட்டாலும் உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் பெறத் தனித் திட்டம் உண்டு.

குணமடைந்தபின் எப்போது வண்டி ஓட்டலாம் என்பது இறுதியாக எழும் கேள்வி. காலை ஊன்றி நடப்பதும், பிரேக்கை உறுதியாக மிதிப்பதும் ஒன்றல்ல. புறநோயாளிப் பிரிவில் இதைச் சோதித்தே சொல்வோம். தலைக்காயத்துக்குப் பின் வலிப்பு வந்தவர்கள், மாத்திரை உட்கொள்பவர்கள், நரம்பியல் மருத்துவர் ஒப்புதல் தரும்வரை வண்டியைத் தொடவே கூடாது. உரிமத்துக்கான உடல்தகுதி உறுதிமொழியில் வலிப்பு, திடீர் நினைவிழப்பு பற்றிய கேள்வி முதலிலேயே இருக்கிறது. நாற்பது வயதைக் கடந்தவர்கள் மருத்துவச் சான்றும் இணைக்க வேண்டும். அந்தச் சான்றுக்கு வரும்போது உங்கள் வெளியேற்றச் சுருக்கத்தையும் தவறாமல் எடுத்து வாருங்கள்.