தன் தொட்டியைத் தானே கட்டும் பெரணி

கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் சூப்புக்கென்று விற்கும் முடவாட்டுக்காலைப் பார்த்திருப்பீர்கள். பழுப்பு ரோமம் போர்த்தி, ஆட்டுக்கால் போலவே இருக்கும். கிழங்கு என்று சொன்னாலும், மரக்கிளையிலும் பாறையிலும் தொற்றி வளரும் காட்டுப் பெரணி ஒன்றின் தண்டு அது. சூப்புக்குப் போக மிஞ்சிய துண்டை வளர்த்துப் பார்த்தேன். இன்று எங்கள் வராந்தாவுக்கு அதுதான் அழகு.

வாங்கும்போது நுனியைப் பாருங்கள். வளர்நுனி வாடாமல் இருந்தால் எளிதில் துளிர்க்கும். நடுத்துண்டைச் சூப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மண்ணில் புதைக்க வேண்டாம், அழுகிவிடும். பழைய மரக்கட்டையிலோ தேங்காய் மட்டையிலோ படுக்கவைத்துச் சணல் கயிற்றால் கட்டுங்கள். கயிறு இற்றுப்போவதற்குள் வேர் பிடித்துக்கொள்ளும். காலை வெயில் மட்டும் படும் இடம் போதும். மட்டை காய்ந்த பிறகு தண்ணீர் தெளித்தால் சரி.

இந்தப் பெரணிக்கு இரண்டு வகை இலை. நீளமாக, ஆழமாகப் பிளந்து பச்சையாக நிற்பது ஒன்று. தண்டை ஒட்டிக் குட்டையாக வந்து, சீக்கிரமே பழுப்பாகிக் காகிதம்போல் விறைப்பது இன்னொன்று. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அந்தப் பழுப்பைக் கிள்ளியெறியச் சொல்வார்கள். கிள்ளாதீர்கள். மேலிருந்து விழும் சருகையும் தூசியையும் அந்த இலைகள்தான் ஏந்திப் பிடிக்கின்றன. அது மக்கித்தான் செடிக்கு எரு. ஈரம் தங்குவதும் அங்கேதான். மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு பிடி சருகும் கொஞ்சம் காய்ந்த சாண எருவும் அதற்குள் போடுவேன். வேறு உரம் போட்டதில்லை.

பச்சை இலையின் அடியில் பழுப்புப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால் பூச்சி மருந்தைத் தேடாதீர்கள். அவை வித்துத் தொகுதிகள். செதில் பூச்சி இப்படி வரிசை பிடித்து உட்காராது. நகத்தால் நெம்பினால் தனியே பெயர்ந்து வரும்.

கோடையில் பச்சை இலைகள் உதிர்ந்து தண்டும் பழுப்பு இலைகளும் மட்டும் கிடக்கும். செத்துவிட்டதென்று பிடுங்கிவிடாதீர்கள். தண்டு அழுத்தமாக இருந்தால் உயிர் இருக்கிறது. அப்போது தண்ணீரைக் குறையுங்கள். மழை விழுந்ததும் துளிர்க்கும்.

காப்புக்காட்டில் செடி பெயர்ப்பது குற்றம். மெதுவாக வளரும் செடி என்பதால், பெயர்த்த பாறை மீண்டும் நிறையப் பல காலம் ஆகும். சந்தைக்கு வருவதும் காட்டுத் தண்டுதான்; எனவே அங்கும் ஒரு துண்டுக்கு மேல் வாங்க வேண்டியதில்லை. படர்ந்ததும் நுனியோடு நறுக்கி அக்கம்பக்கத்தாருக்குக் கொடுங்கள். சூப்புக்கும் வீட்டுத் தண்டே கிடைக்கும்.