வண்டிக் கொட்டகைத் தரைக்கு எபாக்சி பூச்சு: பூசும் முன்னே தரையைச் சோதியுங்கள்



நம் பக்கம் இப்போது கட்டுகிற பல வீடுகளில் கார், ஆட்டோ, டிராக்டர் நிறுத்த ஒரு கொட்டகை சேர்த்தே போடுகிறார்கள். வண்டி இல்லாத வீட்டில் அந்த இடம் சும்மா கிடப்பதில்லை. மசாலாப் பொடி அரைக்க, வத்தல் பாக்கெட் போட, ஊறுகாய் ஜாடி அடுக்க என்று குழுத் தொழில் அங்கேதான் நடக்கிறது. அங்கேதான் தரைப் பிரச்சினையும் ஆரம்பிக்கிறது. சிமெண்ட் தரையில் எப்போதும் தூசி பறக்கும். எண்ணெய் சிந்தினால் கறை போகாது. எத்தனை முறை வாரியல் போட்டாலும் மாவு போல உதிரும்.

"எபாக்சி பெயிண்ட் அடித்தால் கண்ணாடி மாதிரி ஆகிவிடுமாமே, அதற்குக் கடன் எடுக்கலாமா?" என்று கூட்டங்களில் கேட்கிறார்கள். கேள்வி நல்ல கேள்விதான். பதிலை அவசரப்பட்டு சொல்ல முடியாது. ஏனென்றால் இந்தப் பூச்சின் ஆயுள் டப்பாவில் இல்லை, அடியில் இருக்கும் தரையில் இருக்கிறது. இந்தப் பாடத்தில் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

1. எபாக்சி என்றால் என்ன?

உடைந்த பாத்திரம், பிளாஸ்டிக் சாமான் ஒட்ட அரால்டைட் வாங்கியிருப்பீர்கள். இரண்டு குழாய் இருக்கும். தனித்தனியாக இருக்கும்போது ஒன்றும் ஆகாது. இரண்டையும் சேர்த்துக் குழைத்தால் கல் போல இறுகிவிடும். அதுவும் எபாக்சிதான். சுவிட்சர்லாந்து வேதியியலாளர் பியர் கஸ்தான் 1930-களில் பல் செட் செய்ய ஏற்ற பொருளைத் தேடியபோது இந்தப் பிசினை உருவாக்கினார். 1946-ல் அது அரால்டைட் என்ற பெயரில் ஒட்டும் பசையாக வெளிவந்தது.

தரைப் பூச்சும் அதே முறைதான். ஒரு டப்பாவில் பிசின், இன்னொன்றில் ஹார்டனர். சாதாரண பெயிண்ட் காற்றில் காய்கிறது. எபாக்சி இரண்டு பொருளும் ஒன்றோடொன்று வினை புரிந்து இறுகுகிறது. அதனால்தான் எண்ணெய், சோப்புத் தண்ணீர், வண்டிப் பாரம் எல்லாவற்றையும் தாங்குகிறது.

2. பிறகு ஏன் சில இடங்களில் உரிந்து வருகிறது?

சிமெண்ட் தரை பார்க்க கெட்டியாக இருந்தாலும் உள்ளே ஊசி முனை அளவு துளைகள் நிறைய உண்டு. அடியில் ஈர மண் இருந்தால் அந்தத் துளை வழியாக ஓதம் மேலே ஏறும். வெறும் தரையில் அது காற்றோடு போய்விடும், நமக்குத் தெரியாது. மேலே எபாக்சி பூசி வழியை அடைத்துவிட்டால் ஓதம் எங்கே போகும்? பூச்சைத் தள்ளிக்கொண்டு வரும். முதலில் கொப்புளம், பிறகு பொருக்கு, கடைசியில் தட்டுத் தட்டாக உரியும்.

நம் வட்டாரத்துக்கு இது முக்கியம். ஊர்ப் பெயரே நான்கு ஏரியிலிருந்து வந்தது என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம் பெருகினால் பக்கத்தில் இருக்கும் கிணறும் ஏறும், வீட்டின் அடிமண்ணும் ஈரமாகும். சித்திரையில் எலும்பு போல் காய்ந்து கிடந்த தரை கார்த்திகையில் வேர்க்கும். ஆகவே வெயில் காலத்தில் பார்த்துவிட்டு "தரை நல்லா இருக்கு" என்று முடிவு செய்யக் கூடாது.

உணவுப் பொருள் செய்யும் குழுக்கள் இன்னொன்றையும் கவனிக்கணும். உணவுப் பாதுகாப்பு உரிமம், பதிவு பற்றிய 2011-ஆம் ஆண்டு விதிமுறைகளின் 4-ஆவது அட்டவணை, தயாரிப்பு இடத்தின் தரை சுத்தம் செய்ய எளிதாக, பெயிண்ட் உரியாமல் இருக்க வேண்டும் என்கிறது. உரிந்த எபாக்சி மசாலாவில் விழுந்தால் யார் பொறுப்பு? அரைகுறையாகப் பூசிய தரையைவிட பூசாத நல்ல சிமெண்ட் தரை மேல்.

3. காசு செலவில்லாத மூன்று சோதனைகள்

ஓதச் சோதனை: ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலிதீன் தாள் ஒன்றைத் தரையில் விரித்து, நான்கு ஓரமும் காற்று போகாமல் டேப் ஒட்டுங்கள். ஒரு பகல் ஒரு இரவு விடுங்கள். மறுநாள் பிரித்துப் பாருங்கள். தாளின் அடியில் நீர்த்துளி இருந்தாலோ, தரை கறுத்துப் போயிருந்தாலோ ஓதம் ஏறுகிறது என்று பொருள். சுவர் ஓரம், நடு, வாசல் பக்கம் என்று மூன்று நான்கு இடத்தில் செய்யணும். மழைக்காலம் முடிந்து குளம் நிறைந்திருக்கும்போது ஒரு முறை கட்டாயம் செய்யுங்கள்.

தண்ணீர்ச் சோதனை: தரையில் அங்கங்கே சில துளி தண்ணீர் விடுங்கள். உறிஞ்சினால் சரி. தாமரை இலைத் தண்ணீர் போல் உருண்டு நின்றால் அங்கே எண்ணெயோ பழைய பூச்சோ இருக்கிறது. அதன் மேல் எபாக்சி பிடிக்காது.

சாவிச் சோதனை: ஒரு சாவியால் அழுத்திக் கீறுங்கள். லேசான கோடு மட்டும் விழுந்தால் நல்ல தரை. மணல் மணலாக உதிர்ந்தால் மேல் சாந்து பலமில்லை. பூச்சு அந்தச் சாந்தையும் பெயர்த்துக்கொண்டு வந்துவிடும்.

புதுத் தரை என்றால் நன்றாக நீராற்றி, குறைந்தது 28 நாள் ஆன பிறகே இந்தச் சோதனைகள்.

4. சோதனையில் தேறிய தரைக்கு வேலை முறை

சுத்தம்: எண்ணெய்க் கறையைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக் கழுவிக் காயவிடணும். வெடிப்பு, குழி இருந்தால் அடைக்கணும்.

சொரசொரப்பு: வழவழப்பான தரையில் பூச்சு பிடிக்காது. கிரைண்டிங் மெஷின் போட்டு மேல் தோலை எடுப்பதே நல்ல முறை. சிலர் ஆசிட் ஊற்றிக் கழுவுவார்கள். ஆசிட்டைக் கலக்கும்போது தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்றணும். ஆசிட்டில் தண்ணீரை ஊற்றினால் தெறிக்கும். ஆசிட் போட்ட இடத்தில் பிளீச்சிங் பவுடர் படவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் விஷவாயு கிளம்பும், உயிருக்கே ஆபத்து. ஆசிட் போட்டால் பிறகு பலமுறை கழுவி முழுக்கக் காயவிட வேண்டும்.

கலப்பது: டப்பாவில் போட்டிருக்கும் அளவுப்படி பிசினும் ஹார்டனரும் சேர்க்க வேண்டும். "கொஞ்சம் ஹார்டனர் கூட ஊத்தினா சீக்கிரம் காயும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அளவு தப்பினால் ஒன்று பிசுபிசுப்பாகவே கிடக்கும், இல்லாவிட்டால் நொறுங்கும். கலந்தபின் கொஞ்ச நேரத்துக்குள் பூசி முடிக்கணும். வெயில் கூடக் கூட அந்த நேரம் குறையும். அதனால் சிறிது சிறிதாகக் கலப்பதே நல்லது. கலந்த மிச்சத்தை வாளியில் குவித்து வைத்தால் சூடேறிப் புகையும்.

பூசுவது: முதலில் பிரைமர், பிறகு இரண்டு கை. உள் மூலையில் ஆரம்பித்து வாசல் பக்கம் வரணும். சாயங்காலம் வெயில் இறங்கியபின் பூசுவது நல்லது. காலையில் தரை சூடேறும்போது துளைகளில் இருக்கும் காற்று விரிந்து மேலே வந்து ஊசித் துளை போடும். வழவழப்பான எபாக்சியில் தண்ணீர் சிந்தினால் வழுக்கும். தலையில் குடமோ மூட்டையோ வைத்து நடக்கிற நமக்கு அது பெரிய ஆபத்து. ஈரப் பூச்சின் மேல் சலித்த, காய்ந்த சிலிக்கா மணலைத் தூவி, அதன்மேல் அடுத்த கை பூசச் சொல்லுங்கள்.

காயவிடுவது: ஒரு நாள் கழித்து மெதுவாக நடக்கலாம். வண்டி ஏற்றவும் தொழில் தொடங்கவும் ஒரு வாரம் பொறுக்கணும். அவசரப்பட்டால் சூடான டயர் பூச்சைப் பிய்த்துக்கொண்டு போகும்.

எந்த மாதம்? ஐப்பசி, கார்த்திகை வேண்டாம், ஈரம். ஆனி, ஆடி வேண்டாம், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழி வரும் காற்று புழுதியைக் கொண்டுவந்து ஈரப் பூச்சில் ஒட்டிவிடும். மழை ஓய்ந்து, தரை சோதனையில் தேறியிருந்தால் மாசி, பங்குனி ஏற்றது.

ஒன்று மறக்க வேண்டாம். வெயில் நேராக விழும் முற்றம், வாசல் இதற்கு ஏற்ற இடமில்லை. வெயிலில் எபாக்சி மஞ்சளித்து மங்கும்.

5. உடம்பைப் பாருங்கள்

நாமே பூசினாலும் ஆள் வைத்துப் பூசினாலும் கையுறை, கண்ணாடி, முழுக்கைச் சட்டை வேண்டும். பிசினும் ஹார்டனரும் தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் அலர்ஜி வந்துவிடும். ஒரு தடவை வந்தால் பிறகு துளி பட்டாலும் அரிக்கும். கையில் பட்டதைத் தின்னர் போட்டுத் துடைக்காதீர்கள், சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் 15 நிமிடம் தண்ணீர் விட்டுக் கழுவி உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். கிரைண்டிங் தூசி நுரையீரலைக் கெடுக்கும். சேலைத் தலைப்பு போதாது, தூசி தடுக்கும் முகக்கவசம் வேண்டும். கதவு, ஜன்னல் திறந்திருக்கணும். பக்கத்தில் அடுப்பு, விளக்கு கூடாது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அன்றைக்கு அந்தப் பக்கமே வர வேண்டாம்.

6. ஒப்பந்தக்காரரிடம் ஏமாறாமல் இருக்க ஒரு கணக்கு

தண்ணீரோ தின்னரோ கலக்காத எபாக்சி 1 லிட்டர், 1 மில்லிமீட்டர் கனத்தில் 1 சதுர மீட்டர் பரப்பை மூடும். 10 அடிக்கு 18 அடி கொட்டகை 180 சதுர அடி, அதாவது சுமார் 16.7 சதுர மீட்டர். ஒரு கைக்கு 0.2 மில்லிமீட்டர் வீதம் இரண்டு கை என்றால் 0.4 மில்லிமீட்டர். 16.7-ஐ 0.4-ஆல் பெருக்கினால் சுமார் 6.7 லிட்டர் வேண்டும். தண்ணீரோ தின்னரோ கலந்த சரக்கு என்றால் இதைவிடக் கூடுதலாக ஆகும். "3 லிட்டரில் முடிச்சிடலாம்" என்று ஒருவர் சொன்னால் கனம் பாதிகூட இருக்காது என்று புரிந்துகொள்ளலாம்.

மூடிய டப்பாவை நம் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்குங்கள். தரையைத் தேய்ப்பது, பிரைமர், எத்தனை கை, எவ்வளவு கனம் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். முழுப் பணத்தையும் முன்பணமாகக் கொடுக்காதீர்கள்.

7. சோதனையில் தேறாவிட்டால்?

மனம் தளர வேண்டாம். நம் பாட்டி காலத்து சிவப்பு ஆக்சைடு தரை இன்னும் பல வீடுகளில் பளபளப்பாக இருக்கிறது. அது மேலே ஒட்டிய தோல் இல்லை. சிமெண்டோடு சிவப்புப் பொடி சேர்த்து, கொத்தனார் கரண்டியால் தேய்த்து மெருகேற்றிய சாந்து. ஆகவே பெயிண்ட் போல உரியாது. கைதேர்ந்த கொத்தனார் வேண்டும், அவ்வளவுதான். கடப்பைக்கல், டைல்ஸ் பதிப்பதும் வழிதான். தரையைப் புதிதாகவே போடுவதாக இருந்தால், மண்ணுக்கும் தளத்துக்கும் நடுவில் கனமான பாலிதீன் தாள் விரிக்கச் சொல்லுங்கள். ஓதம் அங்கேயே நின்றுவிடும்.

அடுத்த கூட்டத்தில் பேசிப் பாருங்கள்

- நம் தொழில் நடக்கும் இடத்தில் ஓதச் சோதனை செய்ய யார் பொறுப்பு எடுப்பது? எந்தத் தேதியில்?
- தரைக்குக் கடன் கேட்கும் உறுப்பினர் மூன்று சோதனை முடிவையும் குழுவுக்குச் சொன்ன பிறகே கடன் என்று தீர்மானம் போடலாமா?
- நம் ஊரில் சிவப்பு ஆக்சைடு தரை போடத் தெரிந்த கொத்தனார் யார் யார்?

ஊக்குநரும் பிரதிநிதிகளும் இந்தப் பாடத்தைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள். பாலிதீன் தாளும் டேப்பும் வாங்குகிற சில ரூபாய், கடனாக எடுக்கும் ஆயிரக்கணக்கான ரூபாயைக் காப்பாற்றும்.