கை ஓங்காத நாள்

ஜாலான் புசார் வட்டாரத்திலிருந்து ஆலயத்திற்கு வரும் அன்பர்களிடையே, ‘இன்னார் மனைவியை அடிக்கிறாராம்’ என்று பேச்சு எழுந்தால் இரண்டே பதில்கள்தாம். ‘பொறுத்துப் போகட்டும்’ என்பது ஒன்று. ‘பிறவிக் குணம், மாறாது’ என்பது மற்றொன்று. இரண்டாவது பதில் அடிப்பவருக்கு மிகவும் வசதி. மாறாத குணத்துக்கு முயற்சி எதற்கு?

சிங்கப்பூர்ச் சட்டம் அப்படி நினைக்கவில்லை. மாதர் சாசனத்தில் 1996இல் செய்யப்பட்ட திருத்தம், பாதுகாப்பு உத்தரவுடன், அடித்தவர் ஆலோசனைக்குச் செல்லவேண்டும் என்றும் நீதிமன்றம் கட்டளையிட வழிசெய்தது. 1999இல் தொடங்கிய ‘பேவ்’ நிலையம் அடிபட்டவர், அடித்தவர் இருதரப்பாருக்கும் உதவுகிறது.

ஆலோசனையில் என்ன செய்வார்கள்? அமெரிக்காவின் டுலூத் நகரில் 1980களில் உருவான முறை, மனைவியை அடக்கியாளும் போக்கை ஆணுக்கு உணர்த்தித் திருத்த முயல்வது. ‘பலத்தை முன்வைக்கும் முறை’ வேறு பாதை. கலிபோர்னியாவின் புளூமாஸ் வட்டாரத்தில் இதை எட்டே அமர்வுகளில் நடத்தினார்கள். பேராசிரியர் மோ யீ லீயும் அங்கு பணியாற்றிய இருவரும் எழுதிய நூல் 2003இல் வெளிவந்தது.

‘கோபம் வந்தும் கை ஓங்காத நாள் எது? அன்று என்ன செய்தீர்கள்?’ இதுதான் முக்கியக் கேள்வி. நம்மவர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். வேலையிடத்தில் சூப்பர்வைசர் பத்துப் பேர் முன்னிலையில் ஏசுகிறார். இவர் வாய் திறக்காமல் தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறார். ஆக, கையை அடக்கும் வித்தை இவருக்குத் தெரியும்! ‘கோபத்தில் கண் தெரியவில்லை’ என்ற சாக்கு அங்கேயே விழுந்துவிடுகிறது. பலத்தைச் சுட்டுவது பாராட்டுப் பத்திரமன்று, பொறுப்பைத் தலையில் ஏற்றுவது.

பிறகு அவரே ஓர் இலக்கு சொல்லவேண்டும். ‘இனி நல்லவனாக இருப்பேன்’ என்பது செல்லாது. வீட்டாருக்குப் பயன்படும் சிறு செயலாக இருக்கவேண்டும். செய்ததை வந்து சொல்லவும் வேண்டும். கரும்பலகை முன் காலம் கழித்த எனக்கு இது புதிதாகப் படவில்லை. தப்பான கணக்கில் சிவப்புக் கோடு போடுவது எளிது. சரியாக வந்த ஒரு வரியைக் காட்டி, ‘இதை எப்படியப்பா போட்டாய்?’ என்று கேட்டால்தான் பையன் யோசிப்பான்.

ஆனால், அவர் ஆலோசனைக்குப் போகிறார் என்பதற்காக, ‘திரும்பிப் போ’ என்று உறவினர் அந்தப் பெண்ணை நெருக்கக்கூடாது. பாதுகாப்பு உத்தரவு அப்படியேதான் இருக்கும். திரும்புவதா வேண்டாமா என்பது அவர் முடிவு. அடி மட்டுமே குற்றம் என்றும் எண்ணவேண்டாம். 2025 ஜனவரி 2 முதல் மனத்தைத் துன்புறுத்துவதும் சட்டத்தில் தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

பீட்டி ரோட்டில் உள்ள சிண்டா அலுவலகம் நமக்கு நடந்து போகும் தூரம்தான். தேசிய உதவி எண் 1800-777-0000. 24 மணி நேரமும் அழைக்கலாம். அண்டை வீட்டாரும் அழைக்கலாம்.